நட்சத்திரம் கட்டின வீடு

கிறிஸ்துமஸ் வாரத்தில் அஸ்தம்பட்டிக்குப் போய், நட்சத்திரம் கட்டின வீடு எது என்று தேடிய ஒரே மனிதர் என் அப்பாவாகத்தான் இருக்க வேண்டும். அதில் அவர் குற்றம் ஒன்றுமில்லை. அம்மா சொல்லி அனுப்பிய அடையாளம் அவ்வளவுதான்.

அது என் அத்தையின் வீடு. அப்பாவுக்குக் கூடப் பிறந்தது அந்த ஒரு தங்கைதான். சேலத்தில் ஆசிரியர் பயிற்சிக்குப் படிக்கப் போனவள், கூடப் படித்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே இருந்துவிட்டாள். அவர் வேதக்காரர், கிறிஸ்தவர். வெண்ணந்தூர்ப் பக்கத்தில் தோட்டங்காடு வைத்துப் பிழைக்கிற எங்கள் சொந்தத்தில் அதற்கு முன் யாரும் அப்படிச் செய்ததில்லை. அப்பா கத்தவில்லை, கையை ஓங்கவில்லை. தங்கையோடு பேசுவதையும் தங்கையைப் பற்றிப் பேசுவதையும் நிறுத்திக்கொண்டார். நான் பிறப்பதற்கு முன்பே நிறுத்தியவர், நான் மூன்றாம் வகுப்புக்கு வந்த பிறகும் ஆரம்பிக்கவில்லை.

எனக்கு அத்தையைத் தெரியும். அப்பா தண்ணீர் கட்டப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து அம்மா அவளுக்குப் போன் போடுவாள். ராசிபுரம் கடைவீதிக்கு நாங்கள் போகிற நாளில் அத்தையும் தற்செயலாக வந்ததுபோல் பஸ் ஏறி வந்து நிற்பாள். வளையல் வாங்கித் தருவாள், தலையைக் கோதி விடுவாள், பிறகு "அண்ணன் எப்படியிருக்குது?" என்று கேட்டுவிட்டு வேறெங்கோ பார்ப்பாள். எனக்கு அவள் என்றால் உயிர்.

அந்த வருடம் கரும்பலகையில் எழுதியது எனக்குத் தெரியவில்லை என்று பள்ளிக்கூடத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். சேலத்தில் எத்தனையோ கண் ஆஸ்பத்திரி இருக்க, அம்மா விசாரித்துக் கண்டுபிடித்தது அஸ்தம்பட்டியில் ஒன்றை. அதன் பின்தெருவில் அத்தை வீடு இருந்தது யதேச்சையானது என்றுதான் கடைசிவரை சொன்னாள்.

"ஏனுங்க, ஆஸ்பத்திரில பாத்து முடிஞ்சதும் புள்ளைய அங்க உட்டுப்போட்டு நீங்க டிராக்டர் சாமான் வாங்கீட்டு வாங்களேன். நட்சத்திரம் கட்டின ஊடுங்க, பாத்தாலே தெரியும்."

"கேட்டு வாசல்லயே உட்டுருவேன். உள்ள போகமாட்டேன், இப்பவே சொல்லிப்போட்டேன்."

"உங்கள யாரு உள்ள போகச் சொன்னது?" என்றாள் அம்மா. ஆனால் முந்தின இரவே அவருடைய வெள்ளைச் சட்டையைத் தேய்த்து மாட்டி வைத்திருந்தாள். அவள் வேண்டிக்கொண்டிருந்தது அது ஒன்றுக்குத்தான் என்பது மூன்றாம் வகுப்புப் பிள்ளையான எனக்கே தெரிந்திருந்தது. அப்பா அந்த வாசற்படியை மிதித்துவிட வேண்டும்.

ஆஸ்பத்திரியில் என் கண்ணில் மாற்றி மாற்றிச் சொட்டு மருந்து விட்டார்கள். கண்ணாடி போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். "பாப்பாவுக்கு ராத்திரி வரைக்கும் மங்கலாத்தான் தெரியும். கையப் புடிச்சே கூட்டிட்டுப் போங்க" என்றார் நர்ஸ். பொழுது சாய்ந்து வெளியே வந்தால் உலகம் மாறிக் கிடந்தது. வண்டிகளின் விளக்குகள் ஒவ்வொன்றும் தாம்பாளம் அகலத்துக்கு விரிந்திருந்தன. பின்தெருவுக்குள் திரும்பியதும் நான் நின்றுவிட்டேன். சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகத் தெருவே ஊறி வழிந்துகொண்டிருந்தது.

அப்பாவும் நின்றுவிட்டார். "இதுல எந்த நட்சத்திரத்தச் சொன்னா உங்கம்மா?" என்றார்.

மாடிக்கு மாடி நட்சத்திரம். அப்பா அம்மாவுக்குப் போன் போட்டார். அவள் எடுக்கவில்லை. மறுபடியும் போட்டார், எடுக்கவில்லை. மாட்டுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்ததாக அம்மா பிற்பாடு சொன்னாள். எங்கள் மாடு அவ்வளவு நேரம் தின்று நான் பார்த்ததில்லை.

அத்தையின் நம்பர் அப்பாவிடம் கிடையாது. ஆகவே நாங்கள் வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு நடந்தோம். எனக்கோ எதுவும் உருவமாகத் தெரியவில்லை, விட்டுவிடவும் மனசில்லை. "அது என்னப்பா? இது என்னப்பா?" என்று கையை ஆட்டி ஆட்டிக் கேட்டேன். வேறு வழியில்லாமல் அப்பா ஒவ்வொரு வீட்டின் அலங்காரத்தையும் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். இந்தப் பண்டிகையின் பக்கமே திரும்பமாட்டேன் என்றிருந்தவருக்கு அப்படியொரு வேலை வந்து சேர்ந்தது.

முதல் வீட்டில் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் ஒரு பச்சை மரம். "பிளாஸ்டிக் மரம், சாமி. கிளைக்குக் கிளை பஞ்சப் பிச்சு வெச்சிருக்கறாங்க."

"எதுக்குப்பா?"

"பனியாமா." சற்று நேரம் பார்த்தார். "நல்ல நீள இழைப் பஞ்சு. தலகாணிக்கு ஆகும், வீணாக்கறாங்க."

அடுத்த வீட்டில் நட்சத்திரமும் இல்லை, விளக்கும் இல்லை. வாசல் கதவுக்கு மேல் ஒரு வேத வசனம் மட்டும் எழுதியிருக்கிறது என்றார் அப்பா. இவர்களும் வேதக்காரர்கள்தானே, ஏன் ஒன்றும் கட்டவில்லை என்று கேட்டேன். "எல்லாரும் கட்டோணும்னு சட்டமா? கட்டாத ஊடும் இருக்கும்" என்று என்னை இழுத்துக்கொண்டு போனார். ஆனாலும் கொஞ்ச தூரம் போய் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

மூன்றாவது வீட்டின் போர்ட்டிகோவில் குடில் வைத்திருந்தார்கள். மலையும் குகையுமாகக் கசங்கின காகிதம், அடியில் முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒரு குளம், குளத்தில் பிளாஸ்டிக் வாத்து, ஆட்டிடையர்களுக்குப் பக்கத்தில் அந்த வீட்டுப் பையனின் பொம்மை லாரி. இவ்வளவையும் சொல்லிவிட்டு அப்பா குனிந்தார். மலையடிவாரத்தில் தட்டுத் தட்டாகப் பச்சை முளைத்திருந்தது. "கேவுருங்களா?" என்றார் தன்னை மறந்து.

"ஆமாங்க, கேழ்வரகுதான். பத்து நாளைக்கு முன்னாடி தெளிச்சு வெச்சேன்" என்று வெளியே வந்தார் அந்த வீட்டம்மா. "புல்வெளி மாதிரி இருக்குமில்லைங்களா? யாரைப் பாக்க வந்தீங்க?"

"ஒரு வாத்தியார் ஊடு."

"இந்தத் தெருவுல பாதிப் பேரு வாத்தியாருங்கதான். பேரு சொல்லுங்க."

என் கையைப் பிடித்திருந்த அப்பாவின் கை இறுகியது. மாமாவின் பெயர் அவருக்குத் தெரியாமலில்லை. சொன்னதில்லை, அவ்வளவுதான். தங்கையின் பெயரைச் சொல்லியிருக்கலாம், அதையும் சொல்லவில்லை. "நாங்களே பாத்துக்கறோமுங்க" என்றவர், போகிறபோக்கில், "தண்ணி கம்மியா ஊத்துங்க, அடி அழுகுது" என்று அந்த அம்மாவுக்கு வெள்ளாமை யோசனை ஒன்றும் சொல்லிவிட்டு நடந்தார்.

தெருவின் கடைசிக்கு வந்துவிட்டோம். "சரி, ஊட்டுக்கே போலாம். உங்கம்மாகிட்டச் சொல்லிக்கலாம்" என்றார். எனக்கு அழுகை வந்தது. இவ்வளவு பக்கத்தில் வந்து அத்தையைப் பார்க்காமல் போவதா? அழுதுகொண்டே நான் கடைசி வீட்டைக் காட்டி, அது என்ன என்று கேட்டேன். சிவப்பு நட்சத்திரத்துக்கு மேலே கூரை விளிம்பில் வெள்ளையும் மஞ்சளுமாக ஏதோ கலங்கித் தெரிந்தது.

அப்பா அந்தப் பக்கம் இரண்டடி போய் அண்ணாந்து பார்த்தார். மறுபடியும் கேட்டேன்.

"காப்பு" என்றார்.

பொங்கலுக்கு முந்தின நாள் சாயங்காலம் எங்கள் பக்கத்தில் ஒரு வீடு விடாமல் காப்புக் கட்டுவார்கள். வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் சேர்த்துக் கட்டிக் கூரையில் செருகுவது. வீட்டுக்கு, மாட்டுக் கொட்டகைக்கு, கிணற்று மேட்டுக்கு, காட்டுக்கு என்று அப்பாதான் கட்டுவார். அது பொங்கலுக்குச் செய்வது. இன்னும் மார்கழி பாதிகூட முடியவில்லை. அந்தத் தெருவில், அந்த ஊரிலேயே, அந்த நாளில் காப்புக் கட்டியிருக்கக் கூடிய ஆள் ஒருத்திதான்.

கேட்டில் விட்டுவிட்டுப் போகிறேன் என்று சொல்லியிருந்த அப்பா கேட்டைத் தள்ளித் திறந்தார். படியில் நான் தடுக்கி விழப் போனேன், தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னோடு படியேறினார். சத்தம் கேட்டு அத்தை வெளியே வந்தாள். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. அப்பாவின் முகமும் தெரியவில்லை. குரல்தான் கேட்டது.

"யாரு கட்டுனது இத?"

நான் அப்பாவுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"நாந்தானுங்கண்ணா" என்றாள் அத்தை.

"மார்கழில எவனாச்சும் காப்புக் கட்டுவானா?"

"இந்த ஊட்டுக்குக் கிறிஸ்துமஸ்தானுங்கண்ணா பெரிய நோம்பி. நோம்பின்னாக் காப்புக் கட்டோணுமில்லீங்க?" குரல் உடைந்து உடைந்து வந்தது. "ஏற்காட்டு ரோட்டோரமாப் போயிப் பறிச்சுட்டு வந்தனுங்க."

"கட்டுனா ஒழுங்காக் கட்டோணும். பூளைப்பூவத் தலைகீழாச் சொருகி வெச்சிருக்கற. வேப்பலை வெளியில நிக்கோணும், உள்ள போட்டு அமுக்கி வெச்சிருக்கற. ஒரு முடிச்சுப் போடத் தெரியல, நீயெல்லாம் பள்ளிக்கூடத்துல என்னத்தச் சொல்லிக் குடுக்கற?"

"நீங்கதானுங்கண்ணா கட்டுவீங்க. நானு கீழ நின்னு எடுத்துக் குடுக்கறதோட சரி."

வாசற்கதவை ஒட்டி இன்னொரு உருவம் வந்து நின்றது. மாமா. உள்ளே வாங்க என்று சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார் என்று நினைக்கிறேன்.

"ஏணி இருக்குதா?" என்றார் அப்பா.

ஏணி இல்லை. மாமா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். நாற்காலி ஆடியது. "புடிங்க மாப்பிள்ளை! வேடிக்கை பாத்துட்டு நிக்கறீங்க, கீழ உழுந்தா யாரு பாக்கறது?" என்று அதட்டினார். பாவம், மாமா இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அத்தை சட்டென்று வீட்டுக்குள் ஓடினாள். உள்ளே குழாயில் தண்ணீர் ரொம்ப நேரம் ஓடியது.

பழைய காப்பைப் பிரித்து, பூவை நிமிர்த்தி, அப்பா புதிதாகக் கட்டினார். அத்தை முகம் கழுவி வந்து கீழே நின்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். அதற்கும் திட்டு விழுந்தது, நூல் நீளமாகப் போயிற்றாம். இறங்கப் போனவர் நட்சத்திரம் கோணலாகத் தொங்குகிறது என்று அதையும் அவிழ்த்து நேராகக் கட்டினார். அப்புறம் வீட்டுக்குள்ளே போய் உட்கார்ந்து, காபி தண்ணியாக இருக்கிறது என்றார். கேக்கில் இனிப்புத் தூக்கல் என்று சொல்லிக்கொண்டே இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார். வாசல் கொய்யாக் கன்றுக்குக் குழி போதாது என்றார். அத்தை எல்லாவற்றுக்கும் "சரிங்கண்ணா, சரிங்கண்ணா" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். டிராக்டர் சாமான் கடைக்குப் போகவே இல்லை. கிளம்பும்போது, "பொங்கலுக்கு முந்தின நாளே ஊருக்கு வந்து எப்படிக் கட்டறதுன்னு பாத்துக் கத்துக்குங்க, ரெண்டு பேரும்" என்று ஒரு கடைசித் திட்டும் திட்டிவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டார்.

எனக்கு ஆத்திரமான ஆத்திரம். என் அத்தையை இப்படியா அழவைப்பது? வழியெல்லாம் அப்பாவோடு நான் பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை, பஸ்ஸில் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் ஓடிப்போய்ப் புகார் சொன்னேன். போனதிலிருந்து வரும்வரை திட்டு, காப்புக்குத் திட்டு, காபிக்குத் திட்டு, மாமாவைக்கூட விடவில்லை என்றேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு என் முன்னால் உட்கார்ந்தாள்.

"மாமாவ என்னன்னு திட்டுனாரு?"

சொன்னேன். "புடிங்க மாப்பிள்ளை, வேடிக்கை பாக்கறீங்க" என்று.

"இன்னொருக்காச் சொல்லு சாமி."

சொன்னேன். ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொல்லச் சொன்னாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே மறுபடியும் கேட்டாள். அத்தை திட்டு வாங்கிய இடம் வரும்போதெல்லாம் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அம்மாவுக்கு நிஜமாகவே அத்தையைப் பிடிக்காது, இத்தனை நாளும் போனில் நடித்திருக்கிறாள் என்று முடிவு செய்துகொண்டு நான் போய்ப் படுத்துவிட்டேன்.