கிணற்றைக் கெடுத்தவர்கள்

அந்தக் குடியிருப்பில் அவளுக்குப் பேய் டீச்சர் என்று பெயர். கல்லூரியில் இடைக்கால வரலாறு நடத்துகிறவள், வீட்டில் உட்கார்ந்து மாயக்கதை நாவல்கள் எழுதினால் வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? கல்லூரியிலும் மரியாதை இதே லட்சணம்தான். துறைத் தலைவர் கூட்டத்தில் எல்லார் முன்னாலும், மேடம் பாடம் நடத்துகிறாரா பூச்சாண்டி காட்டுகிறாரா என்று கேட்டார். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. "உங்க ஆராய்ச்சியை நீங்க மட்டும்தான் சார் படிக்கிறீங்க. என் பூச்சாண்டியை நாலு பேராவது படிக்கிறாங்க" என்றாள். அத்தோடு பதவி உயர்வுக்கு முழுக்கு.

அவள் ஆராய்ந்தது மதில் சூழ்ந்த பழைய நகரங்களின் வழக்கு ஏடுகளை. தொழுநோயாளிகள், தோல் பதனிடுகிறவர்கள், எங்கிருந்தோ ஓடிவந்த வேற்று மொழிக்காரர்கள் எல்லாரும் பொழுது சாய்ந்தால் மதிலுக்கு வெளியே போய்விட வேண்டும். அவர்கள்மேல் ஊர்க்காரர்கள் கொடுத்த புகார்கள் கட்டுக்கட்டாகக் கிடைத்தன. அதற்கு அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்பதை மட்டும் எழுத்தர்கள் எழுதவே இல்லை. ஆதாரம் இல்லாமல் வரலாற்றாசிரியை வாய் திறக்க முடியாது. ஆகவே அவர்களைக் கதைக்குள் கூட்டிவந்து பேசவைத்தாள். விரலிடுக்கில் சவ்வு உள்ள சதுப்பு மக்கள் அப்படித்தான் பிறந்தார்கள். 'இவர்கள் வந்தது முதல் கிணற்று நீர் நாறுகிறது, இவர்கள் மூச்சுப் பட்டுப் பிள்ளைகள் இளைக்கின்றன' என்ற பழைய புகார் ஒன்றை ஓர் எழுத்து மாற்றாமல் நாவலின் ஊர்த்தலைவன் வாயில் வைத்தாள்.

அந்த நாவல் வெளிவந்து சில வருடங்கள் கழித்து, கீழ்த்தளத்து வீட்டுக்கு ஒரு பெண் குடிவந்தாள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். கலவரத்தில் வீடு எரிந்து, எல்லை தாண்டி வந்தவள். அவள் பேச்சின் இழுப்பை மாடிப்படியில் எல்லாரும் பேசிக் காட்டிச் சிரித்தார்கள். துணியில் கதிர்வீச்சை ஏந்திக்கொண்டு வருகிறாள் என்று ஒருத்தி கிளப்பிவிட்டாள். கோடை வந்து தொட்டித் தண்ணீர் நாற ஆரம்பித்ததும் பழி நேராக அவள் தலையில் விழுந்தது.

குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் பேய் டீச்சருடைய தங்கை புருஷன்தான். கீழ்த்தளத்துப் பெண்ணைக் காலி செய்யச் சொல்லி மனு எழுதி, வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார். பேய் டீச்சர் மனுவை வாங்கிப் படித்தாள். தண்ணீர், மூச்சு, பிள்ளைகள். வரிசைகூட மாறவில்லை. கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு, தன் நாவலை எடுத்துக்கொண்டு சங்கக் கூட்டத்துக்குப் போய் ஊர்த்தலைவன் பேசும் பக்கத்தை உரக்க வாசித்தாள்.

தங்கை புருஷனுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னை வில்லனாக்கிப் புத்தகம் போட்டிருக்கீங்க. சொந்தக்காரன்னுகூடப் பாக்கல, இல்ல?"

"மாப்பிள்ளை, இந்தப் புத்தகம் வந்தப்ப அந்தப் பொண்ணு இந்த ஊருக்கே வரல. இது நீங்க சொன்னதில்ல. என்னைக்கோ செத்துப்போனவன் சொன்னது."

உடனே தங்கை எழுந்தாள். "பத்து பேர் முன்னால என் புருஷனைச் செத்தவனோட சேத்துப் பேசுறியா? இனிமே எனக்கு அக்கா கிடையாது."

அப்புறம் யார் என்ன சொன்னார்கள் என்றே புரியவில்லை, அவ்வளவு கூச்சல். பேய் டீச்சரைத் தவிர எல்லாரும் கை தூக்க, மனு நிறைவேறியது. வெளிநாட்டில் இருந்த கீழ்த்தளத்து வீட்டின் சொந்தக்காரர் போனை எடுக்காததால் மட்டும் அது அப்படியே நின்றது. தொட்டியைக் கழுவியபோது உள்ளே ஒரு செத்த புறா கிடந்தது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அதைப் போட்டது யாரோ என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

கீழ்த்தளத்துப் பெண் ஒரு வார்த்தை நன்றி சொல்வாள் என்று பேய் டீச்சர் உள்ளூர எதிர்பார்த்திருந்தாள். அவளோ வேலையிலிருந்து வந்த கையோடு கதவைத் தட்டி, வாசலிலேயே நின்று கேட்டாள்.

"உங்களை யாரு எனக்காகப் பேசச் சொன்னது? முன்னாடி முதுகுக்குப் பின்னாடி பேசினாங்க, இப்ப மூஞ்சிக்கு நேரா பேசுறாங்க."

பேய் டீச்சர் ஏதோ சமாதானம் சொல்லப் போனாள். அந்தப் பெண் விடவில்லை.

"உங்க கதையையும் படிச்சேன். அந்த ஜனங்க கல்லடியும் வாங்கிக்கிட்டு, கடைசில அந்த ஊர்க் கிணத்தையே காப்பாத்திக் குடுக்கிறாங்க. நான் குடுக்க மாட்டேன் மேடம். எனக்குக் கோபம் வரும். நல்லவளா இருந்தாத்தான் நான் இங்க இருக்கலாமா?"

பேய் டீச்சருக்குச் சுருக்கென்று தைத்தது. இவளுக்காகப் பேசித்தானே கூடப்பிறந்தவளைத் தொலைத்தோம் என்று பொருமினாள். ஆனால் அந்தக் கடைசிக் கேள்வி விடாமல் குடைந்தது. பழைய வழக்குகளை மறுபடி எடுத்துப் புரட்டினாள். ஒன்றில், மதிலுக்கு வெளியே இருந்த ஒருத்தி நீதிபதி முகத்தில் காறித் துப்பிச் சவுக்கடி வாங்கியிருந்தாள். முன்பே படித்த வழக்குதான். பரிதாபப்பட வசதியாக இல்லாததால் 'கலகக்காரி' என்று ஓரத்தில் குறித்துவிட்டு பேய் டீச்சரே தாண்டிப் போயிருந்தாள். வெளியே இருந்தவர்களின் பதிலைத் தானும்தான் எழுதாமல் விட்டோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

எழுதி முடித்திருந்த அடுத்த நாவலைக் கிழித்தாள். புதிதாக எழுதியதில் சதுப்பு மக்களின் தலைவி யாரையும் காப்பாற்றவில்லை. வறட்சியில் ஊர்க்காரர்கள் குடத்தோடு வந்து நிற்கும்போது, மதில் கதவைக் கழற்றிக் கொண்டுவந்து போட்டால்தான் தண்ணீர் என்கிறாள். வாசகர்களுக்கு இந்தத் தலைவியைப் பிடிக்காது என்றார் பதிப்பாளர். பிடிக்க வேண்டியதில்லை என்றாள் பேய் டீச்சர்.

பதிப்பாளர் சொன்னதுதான் நடந்தது. துறைத் தலைவர் வேலை மெனக்கெட்டு அதைப் படித்து, வெறும் கசப்பு என்று ஒரு பத்திரிகையில் கரித்துக் கொட்டினார். தங்கை இன்றுவரை பேசவில்லை. மாடிப்படியில் எதிரே வந்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறாள். கீழ்த்தளத்துப் பெண் காலி செய்யவில்லை. பேய் டீச்சர் கொடுத்த பிரதியை வாங்கி, தலைவி கதவு கேட்கும் இடத்தை வாசலில் நின்றபடியே படித்தாள்.

"இது பரவாயில்ல" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.