உப்பு போட்ட ஐஸ்

இந்த ஊரில் பனிக்காலக் காலைகளில் ஒரு லாரி வந்து நடைபாதையெங்கும் உப்பை இறைத்துவிட்டுப் போகிறது. ஐஸ் இளகவேண்டும், யாரும் வழுக்கி விழக்கூடாது என்று. சுவீடனுக்கு வந்த முதல் வருடம் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. எண்ணூரில் மீன் வியாபாரம் பார்க்கும் என் அண்ணன், மீன் விறைப்பாக நிற்கத்தான் ஐஸில் உப்பை அள்ளிப் போடுவான். இப்போது அந்த லாரியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

எங்கள் குப்பத்தை ஒட்டி அனல்மின் நிலையத்துச் சாம்பல் குழாய் போகிறது; அது கசிந்த தண்ணீரால் ஊர் சனத்துக்குச் சிறுநீரகம் கெடுகிறதோ என்று எனக்குச் சந்தேகம். சிறுநீரகம் கெடத் தொடங்கும்போதே ரத்தத்தில் கூடிவிடும் ஒரு புரதத்தை அளப்பது என் ஆராய்ச்சி. போன விடுமுறையில் ஊர் சனத்திடம் ரத்தம் எடுத்தேன். “யாருக்கு இன்னான்னு நானே சொல்றேன்” என்று வீடு வீடாக வாக்குக் கொடுத்திருந்தேன். அப்பாதான் முதல் ஆளாகக் கையை நீட்டினார். ராயபுரத்து லேபுக்குக் கொண்டுபோக அண்ணனின் மீன் பெட்டிதான் கிடைத்தது. “உப்பு போட்டுக்கீறேன், கல்லு மாரி நிக்கும். உன் ரத்தம் ஒண்ணும் கெடாது, தைரியமா போ” என்றான். கண்டெய்னர் லாரிகள் அடைத்த சாலையைத் தாண்டிப் போய்த் திறந்தால், குழாய்களில் ரத்தம் பனிக்கட்டியாகியிருந்தது; உப்பு சேர்ந்த ஐஸ் வெறும் ஐஸைவிட அதிகம் குளிரும். அப்படி ஆனால் சிவப்பணுக்கள் உடைந்துவிடும். ரத்தத்திலிருந்து வைக்கோல் நிறத்தில் பிரியவேண்டிய சீரம் என்னும் நீர் சிவப்பாக வந்தது.

அந்தச் சிவப்புச் சீரத்தைச் சுவீடனுக்குக் கொண்டுவந்து, அந்தப் புரதத்தை அளக்கும் கிட் தேடினேன். ஒரு கம்பெனி கிட்டுக்குத் துளி சீரம் போதும். ஆனால் சிவந்த சீரம் கூடாது என்று அதன் குறிப்புத் தாளில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. இன்னொன்று சிவப்பைப் பொறுத்துக்கொள்ளும். அது கேட்கும் அளவு என்னிடம் இல்லை. மூன்றாவது எலிகளுக்கானது. முதல் கிட்டை நம்பலாமா என்று பார்க்க, யாராவது ஒருவருடைய சீரத்தில் தெரிந்த அளவு புரதத்தைக் கலந்து, கலந்தது அளவில் திரும்ப வருகிறதா என்று சோதிக்கவேண்டும். அந்த ஒருவருடைய முடிவைப் பார்க்கச் சீரம் மிச்சம் இருக்காது.

பக்கத்து மேசை இங்கிரிட் குழாய்களைத் தூக்கிப் பார்த்தாள்.

“யார் ஐஸில் வைத்தது? டெக்னீஷியனா?”

“என் அண்ணன். மீன் விற்கிறான்.”

தமாஷ் என்று நினைத்துச் சிரித்தாள். பிறகு அன்பாகவே சொன்னாள்: “கொட்டிவிடு. அதே ஆட்களிடம் புதிதாக எடுத்துக்கொள்.”

அதே ஆட்களில் அப்பா இப்போது இல்லை. நான் இங்கே திரும்பிய பிறகு கால் வீங்கி, முகம் வீங்கிப் போய்ச் சேர்ந்தார். அம்மாவுக்கும் கால் வீங்கத் தொடங்கியிருக்கிறது. மறுபடி விடுப்பு, மறுபடி அனுமதி எல்லாம் எப்போது கிடைக்குமோ. கிடைத்தாலும் அந்த வாசல்களில் எந்த முகத்தோடு நிற்பது? வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இது புரியும்.

இனிப் பதில் தேவைப்படாத ஒரே ஆள் அவர்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அப்பாவின் குழாயை எடுத்தேன். தெரிந்த அளவு புரதத்தைக் கலந்து அளந்தேன். கலந்ததில் பாதிகூடத் திரும்பவில்லை; சிவந்த சீரத்தில் இந்தக் கிட்டை நம்பமுடியாது. அவருடைய சீரம் போனது போனதுதான். மற்றவர்களின் குழாய்களும் இனி வீண். எனக்கு அழக்கூடத் தெம்பில்லை.

போன் கார்டைச் சுரண்டி ஊருக்குப் பேசினேன்.

“இன்னா தங்கச்சி, ரிசல்ட்டு வந்துச்சா? அம்மா கேட்டுகினே கீது” என்றான் அண்ணன். குரலைத் தாழ்த்திக் கேட்டான்: “நம்ம பெட்டில வெச்சது... கெடலியே?”

“கெடலண்ணா. இங்க கிட்டுதான் சரியில்ல. அம்மாவ நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்கு இட்டுகினு போ.”

அறைக்கு வந்து வாசலில் ஷூவைக் கழற்றினேன். அடியில் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. அண்ணன் இந்நேரம் பெட்டிக்கு உப்பு அள்ளிக்கொண்டிருப்பான். இங்கே தெருவில் ஐஸ் இளகி ஓடிக்கொண்டிருந்தது. ஷூவைத் தட்ட மனம் வராமல், கையில் பிடித்தபடியே நின்றேன்.