மாமா மேல் நான் கட்டிய பிராது

விடியற்காலையில் சாமி விளக்கை ஏற்றி முடித்தபோது அக்காவிடமிருந்து போன் வந்தது. "மாமா போயிட்டாருடி" என்றாள். விளக்கை அணைக்கவும் மனம் வரவில்லை, எரியவிட்டுப் போகவும் பயமாக இருந்தது.

அக்காவின் கணவர் வேலாயுதம் மாமா விருத்தாசலத்துப் பீங்கான் சூளையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சரியாக வேகாத சரக்கைத் தட்டிப் பார்த்து ஓசையிலேயே கண்டுபிடித்துவிடுவார். மனிதர்களையும் அப்படித்தான். "இனிக்க இனிக்கப் பேசுனா, ரெண்டு தடவ தட்டிப் பாரும்மா" என்பார்.

கடலூரில் கப்பல் வராமல் கிடந்த பழைய துறைமுகக் கிடங்கு ஒன்றில் என் வீட்டுக்காரர் பீங்கான் கடை வைத்திருந்தார். எங்கள் பிழைப்பே அதுதான். அந்தக் கரையைப் புதுப்பிக்கப் போவதாக வரைபடத்தோடு ஆட்கள் வந்தார்கள். சுவரில் விரிசல் இருக்கிறது, இடிக்க வேண்டும். புதுக் கடை தருவோம், விருத்தாசலத்திலிருந்து நேர் பஸ்ஸும் வரும் என்றார்கள். நான் ஒரு சொல்லையும் நம்பவில்லை. மாமாவும் நம்பவில்லை. விரிசலின் குறுக்கே மெல்லிய பீங்கான் சில்லு ஒன்றை ஒட்டினார்.

"சொவுரு அசைஞ்சா இது ஒடைஞ்சிடும். இதுக்கு வளைஞ்சு குடுக்கத் தெரியாது."

தேதியை என் நோட்டில் குறித்துக்கொண்டேன். ஒரு மாதத்துக்குள் சில்லு உடைந்தது. "காலி பண்ணிடுங்க" என்றார் மாமா.

என் சந்தேகம் அவர் மேலேயே திரும்பியது. அந்த ஆட்களோடு அவர் டீ குடித்ததை நானே பார்த்திருந்தேன். என் பேச்சைக் கேளாமல் வீட்டுக்காரர் சரக்கை வண்டியில் ஏற்றினார். நான் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போனேன். மனிதரிடம் சொல்ல முடியாத வழக்கை எங்கள் பக்கத்தில் அந்த முருகனிடம்தான் கொடுப்போம். மாமா எங்களை விற்றுவிட்டார் என்று பிராது எழுதி, அங்கிருந்த வேலில் கட்டிவிட்டு வந்தேன்.

ஐப்பசி மழையில் அந்தச் சுவர் சரிந்தது. உள்ளே யாரும் இல்லை.

ஓடிப்போய்ப் பிராதைத் திரும்பப் பெற்றேன். மாமாவிடம் அழுதபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"சாமிகிட்டயே எம்மேல கேஸா? அந்த டீக்கும் நான்தாம்மா காசு குடுத்தேன்! சந்தேகத்த வுட்டுடாத, இன்னும் வேணும். கடை குடுத்துட்டா ஆச்சா? மூட்டையோட வர்ற ஜனம் எங்க எறங்கும்? பஸ்ஸு நிக்கிற எடத்த படத்துல போட்டு கையெழுத்து வாங்குங்க."

வாங்கினோம். புதுக் கடை வந்துவிட்டது. வாசலில் பஸ் நிறுத்தப் பலகையும் நட்டிருக்கிறார்கள். பஸ்தான் இன்னும் வரவில்லை.

காரியம் முடிந்த மறுநாள், மாமாவின் பெட்டியிலிருந்த சில்லு ஒன்றை அக்கா எடுத்துக் கொடுத்தாள். புதுக் கடையில் விரிசல் எதுவும் இல்லை. ஆனாலும் சுவர்கள் சேரும் மூலையில் அதை ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதிவிட்டு வந்திருக்கிறேன்.

போயிட்டு வாங்க மாமா. இனிமே நான் தட்டிப் பாத்துக்கிறேன்.