கலங்கல் நிறத்துக்கு இரண்டாவது வீடு

"அப்பா போயிட்டார் மாமா. நித்திரையிலதான், ஒரு கரைச்சலும் இல்லை" என்று சிவபாதம் அண்ணையின் மகள் தொலைபேசியில் சொன்னாள். நெடுநாள் நோயில் கிடந்தவர். எனக்கு அழுகைக்கு முன் ஆறுதல்தான் வந்தது.

கிளிநொச்சியில் எங்கள் வாரப் பத்திரிகையில் அவரும் நானும் எதிரெதிரே இருந்து வேலை செய்தோம். வன்னிப் பேச்சுச் சொற்களைத் தொகுத்துவந்தார். தான் சொல்லை எடுத்துக் கொடுக்கக்கூடாது, பேசுகிறவர் வாயில் அது தானாக வர வேண்டும், இரண்டு வீடுகளிலாவது வர வேண்டும் என்பது அவருடைய விதி.

ஒரேயொரு முறை அவசரப்பட்டார். பாடப்புத்தகம் கபிலம் என்கிற, கடைக்காரர் மண்ணிறம் என்கிற நிறத்தை உடையார்கட்டில் தன் தாய் 'கலங்கல்' என்பார், முதல் மழைக்குக் குளத்தில் சேரும் தண்ணீரின் நிறம் அது என்று பத்திரிகையில் எழுதிவிட்டார். வாசகர்களுக்குச் சொல் பிடித்துப்போனது. தையற்காரர் முதல் பஸ் நடத்துநர் வரை கலங்கல் என்றார்கள்.

"நான் குடுத்ததை எனக்கே திருப்பித் தருகினம். இனி ஆரை நம்புறது?" என்றார். அது ஊர்ச் சொல்லா, தாய் தானே உண்டாக்கியதா என்று அறிய வழியில்லாமற் போயிற்று. தொகுப்பில் அதைச் சேர்க்கவில்லை. நோய் வந்த பிறகும் இந்தக் கவலை அவரை விடவில்லை.

சென்ற ஆண்டு அவருக்கு உடுக்கச் சாரம் வாங்கப் புதுக்குடியிருப்பில் ஒரு புடவைக் கடைக்குப் போனோம். பக்கத்தில் நின்ற வயதான பெண் கையை நீட்டி, "உந்தக் கலங்கலை ஒருக்கா விரியுங்கோ" என்றா.

"மண்ணிறமோ அம்மா?" என்றார் கடைக்காரர்.

"மண் காய்ஞ்சு கிடக்கும். இது கலங்கல்."

அண்ணை சந்தேகத்தோடு, "அக்கா பேப்பர் வாசிக்கிறனீங்களோ?" என்று கேட்டார்.

"சீலை எடுக்கவும் பேப்பர் பாக்க வேணுமே?" என்றா அவா. கடல்நீர் தேங்கும் களப்பை அண்டிய கொக்கிளாய்க்காரி, இந்தியாவில் அகதி முகாமிலிருந்து அண்மையில்தான் திரும்பியிருந்தா. "மாரியில ஆத்துத் தண்ணி களப்புக்குள்ள வந்து விழேக்க ஒரு நிறம் வருமெல்லே? சின்னனில இருந்தே எங்கட வீட்டில அது கலங்கல்தான்."

அண்ணை கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "களப்பைப் பற்றி நான் ஒரு வரியும் எழுதேல்லை" என்று மெல்ல என்னிடம் சொன்னார்.

திரும்பும் வழியில் பஸ்ஸில், "அம்மா தனியச் சொன்னதெண்டு பயந்துகொண்டு இருந்தனான்" என்றார். பிறகு என் தோளில் சாய்ந்து, பரந்தன் வரும்வரை நன்றாகத் தூங்கினார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தத் தூக்கத்தின் பாரத்தை.