நான் பூசிய மஞ்சள்

இதைச் சொல்ல இன்றும் கூச்சமாக இருக்கிறது. குமரி மாவட்டத்தில் கருங்கல் என்னும் ஊருக்குப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஓவியம் கற்பிக்கிறேன். எந்தப் பொருளையும் வரையாமல், என் கைத்தட்டலின் தாளத்தை மட்டும் வண்ணங்களாகத் தீட்டும்படி மாணவர்களிடம் மூன்று வாரங்களாக மன்றாடியிருந்தேன். அன்றும் தாளுக்குத் தாள் தென்னை மரங்களே முளைத்தன.

“தென்னை வேண்டாம்னு சொன்னேன்லா?”

“தென்னையில்ல டீச்சர், கமுகு!” என்றான் பாக்கு மரம் வரைந்திருந்த ஒருவன். வகுப்பே சிரித்தது. என் பொறுமை அத்துடன் தீர்ந்தது.

ஷாஹினா மட்டும் நீலமும் சிவப்புமாகக் கட்டங்களை வரிசையாகத் தீட்டியிருந்தாள். நடுநடுவே வெறும் வெள்ளை. மறுநாள் பள்ளியில் கண்காட்சி. “இதையாவது முழுசா முடிக்கப்பிடாதா?” என்று கடிந்து, அவள் தூரிகையைப் பிடுங்கி, வெள்ளையிலெல்லாம் நானே மஞ்சள் பூசினேன்.

அவள் கண்கள் கலங்கின. “டீச்சர், அதெல்லாம் நீங்க கை தட்டாம நிறுத்துன இடம்லா?”

நாற்பது பேரில் என் மௌனத்தையும் கேட்டவள் அவள் ஒருத்திதான். மன்னிப்புக் கேட்டேன்.

“செரி, இத நீங்களே வச்சுக்கிடுங்க. எனக்கு வேற பேப்பர் தாருங்க,” என்றாள்.

கொடுத்தேன். மாணவர் படத்தைத் திருத்த இப்போதும் விரல்கள் பரபரக்கின்றன. அப்போதெல்லாம் இரு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.