நான் கலைத்த பெயர்

போடிமெட்டிலிருந்து ஏலத்தோட்டத்து ஆட்களை இறக்கி வந்த ஜீப் ஓட்டுநர்தான் போடியிலுள்ள எங்கள் அச்சகத்து வாசலில் வண்டியை நிறுத்திச் சொன்னார்: "அண்ணே, வேலம்மா ஆத்தா போயிருச்சு. நேத்தே மேல மலையிலயே அடக்கம் பண்ணிட்டாக." எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அது இன்னும் அடங்கவில்லை.

அவரை அறிந்தவர்களுக்கே சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கும் பாதிதான் தெரியும். வெள்ளைக்காரன் காலத்தில் போடித் தெருக்களில் ஊர்வலம் போனவர்கள் பாடிய பாட்டுகளை எழுதியவர் வேலம்மாள். அவை 'மேட்டுவீரன்' என்ற புனைபெயரில் துண்டுத்தாள்களாக வந்தன. போலீஸ் வீடு வீடாகப் புகுந்து தேடியது ஓர் ஆண்பிள்ளையை. நெருக்கடி முற்றியதும் கணவரோடு மலையேறியவர், ஏலக்காய் பறித்தே காலத்தைக் கழித்தார். பிறகு மாநிலம் பிரித்தபோது அந்தத் தோட்டம் கேரளாவில் சேர்ந்துவிட்டது.

சுதந்திர வெள்ளிவிழா ஆண்டில் ஊர் விழாக் குழு அந்தப் பாட்டுகளைப் புத்தகமாக்க எங்களிடம் கொடுத்தது. நான் அச்சுக் கோப்பவன். செய்தி கேள்விப்பட்டு வேலம்மாள் இறங்கி வந்தார். "இப்பத்தேன் பயமில்லையே அப்பு, எம்பேரைப் போட்ரு" என்றார். நான் நம்பாமல் சிரித்தேன். ஒரு பாட்டின் முதல் அடியைப் படித்தேன். மீதியை அவர் மளமளவென்று சொல்லி, குழு கொடுத்த தாளில் விடுபட்டிருந்த இரண்டு அடிகளையும் சேர்த்தார். அவர் பெயரை அங்கேயே கோத்தேன். கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறியிருந்த ஈய எழுத்துகளைத் தடவிப் பார்த்தார்.

"என்னப்பு, எம்பேரு திரும்பிக்கிட்டு நிக்குது?"

"அச்சாகும்போது நேராயிரும் ஆத்தா" என்றேன்.

அன்று மாலையே குழுத் தலைவர் வந்தார். "பொம்பளை பேரைப் போட்டா ஊரு சிரிக்கும். அதுலயும் அவ இப்ப கேரளாக்காரி." வேலை போய்விடுமே என்று பயந்து, கோத்த பெயரைக் கலைத்து எழுத்துப் பெட்டியில் போட்டேன். போலீசுக்கு நடுவில் எழுதியவர் அவர். ஒரு விழாக் குழுவுக்கே நடுங்கியவன் நான்.

'மேட்டுவீரன்' பெயரிலேயே வந்த புத்தகத்தைப் பார்த்த வேலம்மாள் கத்தவில்லை. "போலீசு தேடுனப்ப ஒளிச்சு வச்சீக, சரி. இப்ப எதுக்கப்பு ஒளிச்சு வக்கிறீக?" என்று மட்டும் கேட்டுவிட்டு ஜீப்புக்கு நடந்தார். பிறகு அவர் எங்கள் வாசலை மிதிக்கவே இல்லை.

போன வாரம் அதே குழு இரங்கல் கூட்டம் போட்டது. அதே தலைவர் ஒலிபெருக்கியில் சொன்னார்: "மறைந்த தோட்டத் தொழிலாளிக்கு அஞ்சலியாக, மாவீரர் மேட்டுவீரனின் பாடல்." எழுந்து கத்தினேன்: "அதை எழுதுனதே அவுகதேன்!"

"உக்காருப்பா, எழவுக் கூட்டத்துல சண்டை இழுக்காத" என்றார்கள். பாட்டு முடிந்ததும் கைதட்டினார்கள். த்தூ!

இந்த அஞ்சலியை நானே கோக்கிறேன். இதன் கீழே விடுபட்ட இரண்டு அடிகளோடு அந்தப் பாட்டும், அதன் அடியில் அவர் பெயரும் வரும். அச்சடித்து முடித்ததும் எழுத்துகளைக் கலைத்துப் பெட்டியில் சேர்ப்பது எங்கள் தொழில் வழக்கம். எல்லாவற்றையும் கலைப்பேன். 'இயற்றியவர்: வேலம்மாள்' என்ற வரியை மட்டும் நூலால் இறுக்கிக் கட்டி என் மேசையில் வைத்துக்கொள்வேன்.

தாளில் பெயர் நேராகிவிட்டது, ஆத்தா. பார்க்கத்தான் நீங்கள் இல்லை.