எந்தக் கால் என்று கேட்டவள்

வடமதுரையில் பேருந்துக்குக் காத்திருந்தபோது காதர் அண்ணனின் அழைப்பு வந்தது. என்னோடு வேலை பார்த்த மும்தாஜின் அண்ணன் அவர். "செல்வி, தங்கச்சி மவுத்தாயிருச்சும்மா. காலையில எழுப்பப் போனா எந்திரிக்கல" என்றார். மாரடைப்பு என்று பிறகு தெரிந்தது. நாற்பதைக்கூடத் தொடாதவள். முந்தின நாள் மாலை என்னோடு பேசிக்கொண்டே அலுவலகப் படி இறங்கினாள். திண்டுக்கல் வந்து இறங்கிய பிறகுதான் எனக்கு அழுகையே வந்தது.

இதைப் படிப்பவர்களில், நம் அலுவலகத்தில் அவளோடு இருந்தவர்களுக்கு எங்கள் வேலை தெரியும். அவள் வீட்டாருக்காகச் சொல்கிறேன். அமெரிக்க டாக்டர்கள் எழுதும் நோயாளிக் குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய எண்ணைப் பதிவோம். கோடிங் என்பார்கள். நானும் அவளும் ஒன்றாகச் சேர்ந்தவர்கள். கால்விரல் தொற்றுகள் எங்களிடம் நிறைய வரும்: நகச்சுத்தி, சீழ், வீக்கம். வலக்கால் விரலுக்கு ஓர் எண், இடக்கால் விரலுக்கு இன்னோர் எண். எந்த விரல் என்பதற்கு எண் கிடையாது. ஆனால் கட்டைவிரலை வெட்டி எடுத்துவிட்டால், அது இல்லை என்பதற்குத் தனி எண் உண்டு. எனக்கு இது வெறும் மனப்பாடம். அவள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டாள்: "வெரலு இருக்கையில அதுக்குன்னு ஒரு நம்பர் இல்ல. போன பெறகு குடுக்குறாய்ங்க. ஏன் செல்வி?" அவள் யோசித்துக்கொண்டே சாப்பிட்டாள்.

ஒருநாள் அவளுக்கு ஒரு வயதானவரின் குறிப்பு வந்தது. சர்க்கரை நோயாளி. இடக்கால் கட்டைவிரல் வீங்கிச் சிவந்திருக்கிறது, அறுவை மருத்துவரிடம் அனுப்புகிறோம் என்று டாக்டர் எழுதியிருந்தார். பழைய பக்கங்களையும் படிப்பது அவள் வழக்கம். அங்கே, அதே இடக்கால் கட்டைவிரலை முன்பே எடுத்தாயிற்று என்றிருந்தது. எங்கள் டீம் லீடர் பிரபுவுக்கு அன்று வேலை நெருக்கடி. "பக்கம் தெரியலைங்கிற நம்பரைப் போட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க மேடம்" என்றார்.

"இல்லாத வெரலு எப்படி சார் வீங்கும்?"

பிரபு அவள் திரையை எட்டிப் பார்த்தார். பிறகு, "டாக்டருக்கே கேட்டு அனுப்பிருவோம்" என்றார்.

மறுநாள் பதில் வந்தது. வீக்கம் வலக்காலில். அறுவை மருத்துவருக்குப் போன தாளிலும் இடக்கால் என்றே இருந்ததாம். அதையும் திருத்திவிட்டதாகச் சொல்லி டாக்டர் நன்றி எழுதியிருந்தார். நாங்கள் கை தட்டினோம். அவள் அதைக் கவனிக்கவேயில்லை. "அப்ப அந்த மனுசன் எந்தக் காலை ஊனி நடப்பாரு?" என்று கேட்டாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கட்டைவிரல்களையும் தூக்கிக்கொண்டு நடைவழியில் நடந்து பார்த்தாள். சுவரைப் பிடிக்காமல் அவளால் திரும்ப முடியவில்லை.

காகிதத்தில் கால்களைப் படித்தவள் வெளியிலும் கால்களைப் பார்க்க ஆரம்பித்தாள். காதர் அண்ணன் தோல் ஊறவைக்கும் இடத்தில் வேலை பார்ப்பவர். ஈரத்திலேயே நிற்பார். ஒருநாள் அவர் வீட்டுக்குள்ளும் செருப்பைக் கழற்றாததைப் பார்த்துக் கழற்றச் சொல்லியிருக்கிறாள். விரல் கறுத்து வீங்கியிருந்தது.

"மஞ்சப் பத்துப் போட்டுருக்கேன். சரியாயிரும்."

"வலிக்குதாண்ணே?"

"வலியே இல்ல."

"அதான் பயமா இருக்கு. கிளம்புங்க" என்று ஆட்டோவில் ஏற்றிவிட்டாள். சர்க்கரை இருப்பதே அன்றுதான் தெரிந்தது; அதில் கால் மரத்துப்போனதால்தான் வலி தெரியவில்லை. சீழை எடுத்தார்கள், விரல் பிழைத்தது. அடக்கத்தன்று கூட்டத்தில் நின்ற அண்ணன், "வலி இல்லைன்னு சொன்னா யாரு பயப்படுவா? அவ பயந்தா" என்றார்.

அவள் இருக்கையில் இன்னும் யாரும் உட்காரவில்லை. போன வாரம் எனக்கு ஒரு குறிப்பு வந்தது. இடக்கால் விரலில் தொற்று. எண் போட அந்த ஒரு வரி போதும். கீழே, நோயாளி தேனீ வளர்க்கிறார் என்று டாக்டர் ஒரு வரி சேர்த்திருந்தார். முன்பெல்லாம் அதைத் தாண்டிப் போயிருப்பேன். இப்போது நின்று யோசித்தேன்: பெட்டிகள் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் இருக்கும், இந்தக் காலோடு யார் போய்ப் பார்க்கிறார்கள்? என்னிடம் மும்தாஜ் விட்டுப்போனது இதுதான். எண்ணைப் பதிந்த பிறகும் அந்தத் தேனீக்காரரின் குறிப்பை மூட மனம் வராமல் சற்று நேரம் திறந்தே வைத்திருந்தேன்.